கறுப்புக்குத் தடை இருந்த கார்த்திகை

காலை ஏழு மணி இருபது நிமிடம். பூதலூரை விட்டுக் கிளம்பிய பாசஞ்சர் வயல்களுக்கு அப்பால் ஊதிக்கொண்டு போன கையோடு வாசலுக்கு வந்தேன். முதலில் கண்ணில் பட்டவை குடைகள். தெருமுனையில் போலீஸ் வேன் நின்றது. அதன் பின்படியில் மடக்கிய கறுப்புக் குடைகள் விறகு போல அடுக்கியிருந்தன. ஒரு போலீஸ்காரர் பால்காரரின் குடையை வாங்கி, விரித்துப் பார்த்து, மடக்கி, அடுக்கின் மேல் வைத்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

"குடைய எதுக்குங்க எடுக்கிறீங்க?"

"மேலிடத்து உத்தரவு."

"மழை பெய்யுதுங்களே."

"நனைஞ்சா கரைஞ்சா போயிருவ? போய்யா."

பால்காரர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கேனில் மழைத்துளி விழும் சத்தம் தெரு திரும்பும் வரை கேட்டது.

நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்போது குடை என்றால் கறுப்புதான். வளைந்த பிடி, கனத்த கம்பி, நனைந்தால் ஒரு மாதிரி புளித்த வாடை அடிக்கும் துணி. பூப்போட்ட குடையெல்லாம் பின்னால் வந்தவை. ஒரு வீட்டுக்கு ஒரு குடை இருந்தால் பெரிது. அன்று காலை எங்கள் தெருவில் அதுவும் இல்லாமல் போயிற்று.

அதற்குக் காரணம் குறுவை அறுப்பில் தொடங்கியது. கூலி நெல்லைக் கூட்டித் தரச் சொல்லி எங்கள் தெருவினர் களத்துமேட்டில் உட்கார்ந்தார்கள். கையில் அரிவாள்கூட வைத்துக்கொள்ளக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் ஊர்க் கிளைக்குச் செயலாளர். போலீஸ் வந்து அடித்துக் கலைத்தது. பெரியப்பாவுக்கு இடது காது கேட்காமல் போயிற்று. விசாரணை வேண்டும் என்று சங்கம் மனுக் கொடுத்தது. பதில் வரவில்லை. மறுபடியும் கொடுத்தது. கார்த்திகையில் ஆற்றுப் பாலத்தைத் திறக்க மந்திரி வருகிறார் என்று தெரிந்ததும், சாலையோரம் நின்று கறுப்புக்கொடி காட்டுவது என்று முடிவானது. கார் வரும்போது தூக்கிப் பிடிப்பது, போனதும் இறக்கிவிடுவது. அவ்வளவுதான் திட்டம்.

இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. கூரை முகப்புக்குக் குனியாமல் வெளியிலேயே நின்று பேசினார்.

"குறுவையில உங்க அண்ணன் காது போச்சு. சம்பாவுல உன் கை போயிரும். அறுப்புக்குக் கை வேணுமில்ல?"

அப்பா, "கொடி காட்டறது குத்தமுங்களா?" என்று கேட்டார்.

"காட்டிப் பாரு, சொல்றேன்."

அம்மா அடுப்படியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு மந்திரியும் கிடையாது, கூலியும் கிடையாது. அப்பாவின் கை ஒன்றுதான். சோற்றைப் போடும்போது அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எதுக்கு இப்படிப் பாக்குற? தேய்ஞ்சிரப்போவுது" என்பார் அப்பா.

அடுத்து, கடைத்தெருவில் கறுப்புத் துணி விற்கக் கூடாது என்று உத்தரவானது. எழுத்தில் இல்லை, வாய்ச்சொல். ஜவுளிக்கடையில் கறுப்பு பாப்ளினை உள்ளே தூக்கி வைத்தார்கள். டெய்லரின் மிஷின் மேலிருந்த கறுப்பு நூல்கண்டைக்கூட ஒரு கான்ஸ்டபிள் பையில் போட்டுக்கொண்டு போனார். "நல்லவேளை, என் தலைமுடி நரைச்சிருச்சு" என்றார் டெய்லர். கடை வாசலில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. பெண்கள் பழைய குடைகளின் துணியைப் பிரித்துத் தைக்க ஆரம்பித்தார்கள். யாரோ அதைச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் மந்திரி வரும் நாளன்று காலையில் குடைகள் வேனுக்குப் போயின.

போன வருஷம் தஞ்சாவூரில் ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் கல்லூரிப் பெண்களின் கறுப்புத் துப்பட்டாக்களைக் கழற்றி ஒரு மேசை மேல் வைத்திருந்தார்கள். முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாமாம். ஒரு பெண் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு உள்ளே போனாள். பக்கத்தில் இருந்தவர், "இதெல்லாம் இப்பத்தான் வந்த வழக்கம்" என்றார்.

கார்த்திகைக்கு வருகிறேன். அந்த மாதத்தில் கறுப்பை யாரும் தொட முடியாத இடம் ஒன்று இருந்தது. மலைக்கு மாலை போட்டவர்களின் இடுப்பு. எங்கள் தெருவில் முதன்முதலாக மாலை போட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கறுப்பு வேட்டி, தாடி, வெறுங்கால், கழுத்தில் துளசி மணி. விடியுமுன் வாய்க்காலில் முங்கி எழுந்து அவர் சரணம் சொல்லுவது எங்கள் குடிசை வரைக்கும் கேட்கும். கற்பூர வாடையோடு உள்ளே வருவார். மாலை போட்டவரைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடக் கூடாது. யாராக இருந்தாலும் சாமி. அம்மா தன் தம்பியை, "சாமி, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவாள்.

அப்பா மட்டும் கூப்பிட மாட்டார்.

"என்ன மாப்ள, குளிர் எப்படி?"

"மச்சான், சாமின்னு சொல்லணும்."

"அது மட்டும் என் வாயில வராது மாப்ள. வேற எது வேணாலும் சொல்லு."

அதில் விளையாட்டு கொஞ்சம்தான். எங்கள் தாத்தாவும் அவருக்கு முந்தியவர்களும் பண்ணை வீட்டு வாசலில் தள்ளி நின்று சொன்ன சொல் அது. 'வந்தேன் சாமி', 'கூலி போடுங்க சாமி', பண்ணை வீட்டுப் பிள்ளை தொட்டிலில் கிடந்தாலும் 'சின்ன சாமி'. அப்பா சங்கத்தில் சேர்ந்தபோது முதலில் விட்டது அந்தச் சொல்லைத்தான். அதற்காகவே அவரை ஒரு போகம் யாரும் நடவுக்கு அழைக்கவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் மனுஷனைப் பார்த்து யாரும் அதைச் சொல்லக் கூடாது. அந்த வருஷம் மாமாவுக்காக அம்மா மீறினாள். அப்பா கண்டும் காணாமல் இருந்தார்.

குடைகளை எடுத்த கையோடு போலீஸ் வீடு வீடாக நுழைந்து ஆண்களை வேனில் ஏற்றியது. கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விடுவோம் என்றார்கள். அப்பா விடிவதற்குள் வயலுக்குப் போய்விட்டதால் தப்பினார். மாலை போட்டிருந்ததால் மாமாவை விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டுத் தாழ்வாரக் கொடியில் மாமாவின் இரண்டாவது வேட்டி காய்ந்துகொண்டிருந்தது, ஈரத்தில் இன்னும் கறுத்து. இளம் போலீஸ்காரர் ஒருவர் அதை இழுக்கக் கையை நீட்டினார்.

"டேய், சாமி வேட்டிடா. தொடாத" என்றார் வயதானவர்.

கை பின்வாங்கியது. வேன் போயிற்று. மாமா இடுப்பில் கட்டியிருந்தது போக, அந்தத் தெருவில் மிஞ்சிய கறுப்பு அது ஒன்றுதான்.

பத்து மணி வாக்கில் அப்பா வரப்பு வழியாக வந்தார். முழங்கால் வரை சேறு. தூர் கட்டி நின்ற சம்பாவின் பச்சை வாடை அவரோடு உள்ளே வந்தது. நடந்ததை அம்மா சொன்னாள். அவர் கொடியிலிருந்த வேட்டியைப் பார்த்தார்.

"வேணாம் மச்சான்" என்றார் மாமா.

"ஒரு ஆளாவது நின்னாத்தான் நின்னதாக் கணக்கு. இல்லன்னா ஊரே பயந்துருச்சின்னுதான் பேசுவான்."

"கையில எடுத்துட்டுப் போனா நாலு அடி தாண்ட மாட்டீங்க."

அப்போது அம்மாதான் சொன்னாள். இன்று யோசிக்கும்போதும் அதை அவள்தான் சொன்னாள் என்பது வியப்பாக இருக்கிறது.

"கையில எடுத்துட்டுப் போனாத்தானே கொடி? இடுப்புல கட்டிக்கங்க. தாடியும் இருக்கு, செருப்பும் கெடையாது. தம்பி கூட வரட்டும். நானும் பாப்பாவும் வர்றோம். பொம்பள புள்ளய வச்சிக்கிட்டு யாரு அடிப்பா?"

பாப்பா நான்தான். அவள் கணக்கு எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அவரைத் தடுக்க முடியாது என்று தெரிந்துகொண்டு, அடிபடாமல் போய் அடிபடாமல் திரும்பும் வழியை அவள் யோசித்திருந்தாள். மாமா, "விரதத் துணி, அக்கா" என்று முனகினார். ஆனாலும் கொடியிலிருந்த வேட்டியை அவரே உருவிக் கொடுத்தார். அப்பா அரைக்கால் சட்டைக்கு மேல் அதைக் கட்டிக்கொண்டார்.

"துணிதான் கட்டிக்கிறேன் மாப்ள. வாயால ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீங்க வாயத் தொறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்."

நால்வரும் வாய்க்கால் கரையில் ஏறி ஆற்றுச் சாலைக்குப் போனோம். நாணல் நனைந்து சாய்ந்திருந்தது. சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. பாலத்துக்கு ஒரு மைல் முன்னால், மாட்டு வண்டியைக் குறுக்கே நிறுத்தித் தடுப்புப் போட்டிருந்தார்கள். ஒரு ஏட்டு, இரண்டு இளம் கான்ஸ்டபிள்கள். மூவரும் மழைக்கோட்டு போட்டிருந்தார்கள். கோட்டு, பெயர் பொறித்த வில்லையை மறைத்திருந்தது. ஏட்டுக்கு ஒரு மாதத் தாடி. கழுத்தில் துளசி மணி. காலில் பூட்ஸ் இல்லை. தார்ச்சாலையில் வெறுங்காலோடு நின்றார்.

மாமாவுக்கு உயிர் வந்தது போலிருந்தது. "சாமி சரணம்!" என்றார் உரக்க.

"சரணம் சாமி, சரணம்" என்று ஏட்டு இரண்டு கையையும் கூப்பினார். பிறகு அப்பா பக்கம் திரும்பி அதேபோலக் கும்பிட்டார். "சரணம் சாமி. எங்க சாமி, இந்த மழையில?"

என் அப்பாவைப் பார்த்து ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. சொன்னவர் காக்கி போட்டிருந்தார். அப்பா கையைக் கூப்பினார், பேசவில்லை.

"இந்தச் சாமி மௌனம்" என்றார் மாமா. "கோயிலுக்குப் போறோம், அக்கரைக்கு."

ஏட்டு தலையசைத்தார். கான்ஸ்டபிள் ஒருவர் வண்டியின் நுகத்தடியை விலக்கப் போனார். அப்போதுதான் ஏட்டின் பார்வை அப்பாவின் கழுத்தில் நின்றது.

"மாலை எங்க சாமி?"

மாமா யோசிக்காமல் சொன்னார்: "அறுந்து போச்சு சாமி. இப்பத்தான், வர்ற வழியில."

அதைவிடப் பெரிய பொய் அந்த மாதத்தில் இல்லை. மாலை அறுவது என்றால் வீட்டில் கெடுதல் நடந்ததற்குச் சமம். ஏட்டின் முகம் மாறிவிட்டது. சந்தேகத்தால் அல்ல.

"அய்யய்யோ. என்ன சாமி இப்படிச் சொல்றீங்க? அறுந்து எவ்வளவு நேரமாச்சு? வெறுங்கழுத்தோட நடக்கலாமா?"

மழைக்கோட்டைத் தூக்கி இடுப்புப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே இன்னொரு துளசி மாலை. கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்பாவிடம் நீட்டினார்.

"குருசாமி பூசை பண்ணிக் குடுத்தது. துணைக்கு வச்சிருக்கேன். மூணு சரணம் சொல்லிப் போட்டுக்கங்க சாமி. அவ்வளவுதான், தோஷம் நீங்கிரும்."

மழை கனத்தது. மணிகளின் மேல் தண்ணீர் சொட்டியது. அம்மாவின் கை என் தோளில் இருந்தது. விரல்கள் அழுந்துவது தெரிந்தது.

"வாங்கிக்கங்களேன்" என்றாள் அம்மா மெதுவாக. "வாங்கிக்கங்க. சொல்லிருங்க."

அப்பா மாலையைப் பார்த்தார். ஏட்டைப் பார்த்தார். அவர் முறைத்திருந்தால், அதட்டியிருந்தால், அப்பா மௌனமாகவே இருந்து வண்டியைத் தாண்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

"நான் மாலை போடலீங்க" என்றார். "நீங்க மனசாரக் குடுக்கிறீங்க. பொய் சொல்லி வாங்கக் கூடாது. என்னைச் சாமின்னு கூப்பிடாதீங்க. நானும் யாரையும் அப்படிக் கூப்பிடறதில்லீங்க."

வேட்டியை அவிழ்த்தார். அரைக்கால் சட்டையோடு நின்று, அதன் இரண்டு முனைகளைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினார். ஈரத் துணி காற்றில் பறக்கவில்லை. அவர் கைகளுக்கு நடுவே தொங்கியது.

"களத்துமேட்டுல அடிச்சதுக்கு விசாரணை வேணும்!"

எதிரில் இருந்தது மூன்று போலீஸ்காரர்களும் ஒரு மாட்டு வண்டியும். இருபுறமும் வயல்.

ஏட்டு மாலையைப் பொட்டலத்தில் சுற்றினார். மறுபடி கண்ணில் ஒற்றினார். பைக்குள் வைத்துக் கோட்டை இறக்கிவிட்டார். பிறகு இளைஞர்களைப் பார்த்து, "நான் மாலை போட்டிருக்கேன்" என்றார். "நீங்க பாத்துக்கங்க."

சாலைக்கு முதுகைக் காட்டி வயலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

கான்ஸ்டபிள்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. முதல் அடி முதுகில் விழுந்தது. அப்பா துணியை இறக்கவில்லை. "கைய எறக்கு, கைய எறக்கு" என்று கத்திக்கொண்டே அந்தப் பையன் கையில் அடித்தான். வலது மணிக்கட்டு. காய்ந்த மூங்கிலை மிதித்தால் வரும் சத்தம் வந்தது. மாமா கண்ணை மூடிச் சரணம் சொல்லத் தொடங்கினார், உரக்க, நிறுத்தாமல். ஏட்டின் உதடுகளும் அசைவதை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். அம்மா என்னை விட்டுவிட்டு அப்பாவின் மேல் விழுந்தாள். அவர் சேற்றில் குப்புறக் கிடந்தார்.

அடிக்கும் சத்தம் நின்றதும் ஏட்டு திரும்பினார். "போதும். வண்டியில ஏத்துங்க. ஏம்மா, எந்திரி. தண்ணி வேணுமா?" என்று கேட்டு, தன் பாட்டிலை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை வாங்கி அப்பாவின் வாயில் ஊற்றினாள்.

மந்திரி அந்தச் சாலையில் வரவேயில்லை. அக்கரை வழியாக வந்து பாலத்தைத் திறந்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

தெருவில் பிடித்தவர்களை அன்று சாயங்காலம் விட்டார்கள். அப்பாவை விடவில்லை. அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு. கட்டுப் போட்ட கையோடு சிறைக்குப் போனார். மாமா மலைக்குப் போய்விட்டு வந்தார். எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். வந்தாலும் அம்மாவிடம் மட்டும் பேசுவார். கறுப்பு வேட்டி போலீஸிடம் சாட்சிப் பொருளாகப் போயிருந்தது. அதை அவர் கேட்கவேயில்லை.

சங்கம் விடவில்லை. தை பிறந்ததும், சாலையில் அப்பாவை அடித்ததை விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கி மேசை போட்டிருந்தார்கள். மாமா, "எனக்குக் கோர்ட்டு கச்சேரியெல்லாம் வேணாங்கா" என்று வர மறுத்துவிட்டார். சிறையில் அப்பாவிடம் வாங்கிய வாக்குமூலத்தில் 'மாலை போட்ட ஏட்டு' என்று இருந்தது. அந்தக் காவல் நிலையத்தில் அந்த வருஷம் ஏட்டுகளில் மட்டும் மூன்று பேர் மாலை போட்டிருந்தார்களாம். சாட்சி சொல்ல அம்மா மட்டும்தான். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அடிச்சது யாரும்மா?"

"ரெண்டு சின்னப் பசங்கய்யா. பாவம், அவங்களே நடுங்குனாங்க."

அந்த இருவரும் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போய்விட்டார்கள் என்று மேசை பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டர் சொன்னார்.

"சரி, அடிக்கச் சொன்னது யாரு?"

"சாமிங்கய்யா."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எந்தச் சாமி?"

"சாமிதாங்கய்யா. பாத்துக்கங்கன்னாரு. அவரு கை நீட்டலீங்க. தண்ணியெல்லாம் குடுத்தாரு."

ஜன்னலோரம் நின்ற போலீஸ்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அதிகாரியின் வாய்கூட ஒரு கணம் கோணியது. பிறகு ஏட்டுகளை வரிசையாக நிறுத்தி, அடையாளம் காட்டச் சொன்னார்.

தை மாதம். எல்லாரும் மலைக்குப் போய்விட்டு வந்து மழித்திருந்தார்கள். எல்லார் காலிலும் பூட்ஸ் பளபளத்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. அம்மா வரிசையை இரண்டு தடவை பார்த்தாள். தாடியும் மாலையுமாக ஒரு முகத்தைத் தேடினாள்.

எனக்குத் தெரிந்தது. மூன்றாவதாக நின்றவருக்குக் கன்னமும் தாடையும் மட்டும் வெளுத்திருந்தன. நெற்றியும் மூக்கும் கறுத்திருந்தன. அம்மாவின் முந்தானையை இழுத்தேன்.

"அம்மா, அவருதாம்மா. மூணாவது."

"சும்மா இரு."

"யாரு அந்தப் புள்ள? வெளிய அனுப்புங்க" என்றார் அதிகாரி. சத்துணவு ஆயா என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"அந்தச் சாமி இதுல இல்லீங்கய்யா."

கடைசிவரை அம்மா அந்த ஏட்டை நல்லவர் என்றே சொல்லிவந்தாள். கை நீட்டாதவர், தண்ணீர் கொடுத்தவர். அப்பா அதற்கு மறுப்பாக ஒன்றும் சொல்ல மாட்டார், எழுந்து வெளியே போய்விடுவார். வயலைப் பார்த்துத் திரும்பி நின்ற அந்த முதுகை எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு, வேறு ஊர்களில், வேறு அதிகாரிகளிடம் பார்த்தபோதுதான் அது என்ன என்று எனக்கு விளங்கியது. அதற்குள் அம்மாவிடம் சொல்ல முடியாமல் போய்விட்டது.

சாட்சி யாரையும் அடையாளம் காட்டவில்லை என்பதால் விசாரணை அத்துடன் முடிந்தது. அப்பா மேல் போட்ட வழக்கு நடந்தது. மூன்று மாதம் தண்டனை கொடுத்தார்கள்.